கொல்லா விரதமும் குறைவற்ற போஷணையும்

உயிரைக் கொன்று உண்ணலாகாது என்னும் தர்மம் நேற்று எங்கிருந்தோ தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்த கொள்கையன்று. திருவள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமும் கொல்லாமைக்கு மற்றோர் அதிகாரமும் வகுத்திருக்கிறார். செஞ்சிக்கு அருகிலுள்ள மேல்சித்தாமூர் மடத்தைத் தங்கள் சமய பீடமாகப் போற்றும் தமிழ்ச் சமணர்கள், புலாலை விலக்குவதோடு சூரியன் மறைந்தபின் உண்ணாமையையும் விரதமாகக் காத்து வந்திருக்கிறார்கள். சைவ வைணவக் குடும்பங்கள் பலவற்றில் இந்த நியமம் தலைமுறை தலைமுறையாகத் தாய்ப்பாலோடு ஊட்டப்பட்டு வருகிறது. 1867-ஆம் ஆண்டில் வடலூரில் சத்திய தருமசாலையை நிறுவி, அணையாத அடுப்பொன்றை மூட்டிப் பசித்தவர்க்கெல்லாம் அன்னமிட வழிவகுத்த இராமலிங்க அடிகளோ, ஜீவகாருண்யத்தையே தம் சன்மார்க்கத்தின் அஸ்திவாரமாக அமைத்து, புலாலுண்ணாமையையும் பசி தீர்த்தலையும் ஒரே தர்மத்தின் இரண்டு முகங்களாகக் காட்டினார்.

இத்தகைய பெருமை வாய்ந்த விரதத்தை மேற்கொண்டவர்களின் சரீரத்துக்கு வேண்டிய போஷணை முழுவதும் கிடைக்கிறதா என்னும் கேள்விக்கு இரண்டு விதமான பதில்களைக் கேட்கிறோம். இறைச்சியும் முட்டையும் இல்லாமல் தேகபலம் ஏது என்று கேட்பவர் ஒரு சாரார்; சாத்விக ஆகாரம் உண்பவனுக்கு எந்தக் குறையும் நேராது, தர்மமே அவனைக் காக்கும் என்பவர் மற்றொரு சாரார். ஆராய்ச்சியின் வெளிச்சத்தில் இரண்டுமே நிலைக்கவில்லை. எதை உண்ணக் கூடாது என்று மனச்சாட்சி நமக்குச் சொல்லலாம். ஆனால் எஞ்சியவற்றுள் எதை, எவ்வளவு, எதனோடு சேர்த்து உண்ணவேண்டும் என்பதைச் சரீரத்தின் நியதிகளை ஆராய்ந்துதான் அறிய முடியும். அந்த நியதிகளை அறிந்து நடப்பதும் விரதத்தின் ஓர் அங்கமே என்பது என் உறுதியான எண்ணம்.

முதலாவது சாராருக்கு விடை கூறுவது எளிது. கிறிஸ்தவ சமயத்தின் ஒரு பிரிவாகிய ஏழாம்நாள் அட்வென்டிஸ்டுகள், உடலை இறைவன் உறையும் ஆலயமாகக் கருதிப் புகையிலையையும் மதுவையும் விலக்குபவர்கள். அவர்களுள் மிகப் பலர் புலாலையும் விலக்குகிறார்கள். அவர்களிடையே கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தார் 2002-ஆம் ஆண்டில் தொடங்கிய பெரும் ஆய்வில் சுமார் 96,000 பேர் சேர்ந்தார்கள். அந்த ஆய்வின் பயனாக 2013-இல் வெளிவந்த கணக்கின்படி, புலால் உண்டவர்களைக் காட்டிலும் உண்ணாதவர்களிடையே மரண விகிதம் 12 சதவீதம் குறைவாக இருந்தது. இந்த நன்மை முழுவதையும் உணவு ஒன்றுக்கே உரியதாக்கிவிட முடியாது; ஒழுங்கான வாழ்க்கைமுறைக்கும் அதில் பங்கு உண்டு. ஆயினும், தாவர உணவினால் மனிதன் நலிந்துபோவான் என்னும் அச்சம் ஆதாரமற்றது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

இனி, சத்துக்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். யாவரும் முதலில் கேட்பது புரதத்தைப் பற்றியே. நம் தசையும் இரத்தமும் தோலும் இருபது வகை அமினோ அமிலங்களைக் கோத்து ஆக்கப்பட்ட புரதங்களால் ஆனவை. அவற்றுள் ஒன்பதைச் சரீரம் தானாக உண்டாக்கிக்கொள்ள மாட்டாது, ஆகாரத்திலிருந்தே பெறவேண்டும். அரிசி, கோதுமை முதலிய தானியங்களில் லைசின் என்னும் அமிலம் குறைவு. பருப்பு வகைகளிலோ லைசின் நிறைய உண்டு, மெதியோனின் குறைவு. தறியில் பாவு நூல் தீர்ந்துவிட்டால், ஊடை நூல் எத்தனை கண்டு இருந்தாலும் சேலை மேற்கொண்டு ஓடாததுபோல, ஒன்பதில் ஒன்று குறைந்தாலும் மற்றவை புரதமாக உருப்பெறாமல் வீணாகின்றன. ஆகையால் தானியமும் பருப்பும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும்படி சேரும்போதுதான் தாவரப் புரதம் பூரணமாகிறது. இவ்விரண்டையும் ஒரே வேளையில் உண்டாக வேண்டும் என்பதுமில்லை. ஒரு நாளைய உணவில் இரண்டும் அமைந்தால் போதும்.

நம் சமையலறை இந்தச் சேர்க்கையை வெகுகாலமாக அறிந்திருக்கிறது. மூன்று அல்லது நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போட்டு அரைத்த இட்லி, அரிசியோடு பாசிப்பருப்பைக் குழைத்த வெண்பொங்கல், பல பருப்புகள் சேர்ந்த அடை ஆகிய எதை எடுத்துக்கொண்டாலும் இந்த முறை தென்படும். குறை அளவில்தான் இருக்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாள்தோறும் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 50 கிராம். முந்நூறு கிராம் அரிசியில் ஏறக்குறைய 22 கிராமும், நூறு கிராம் பருப்பில் ஏறக்குறைய 22 கிராமும் கிடைக்கின்றன. ஒரு குவளைத் தயிரோ ஒரு பிடி வேர்க்கடலையோ மீதியை நிரப்பிவிடும். ஆனால், நால்வர் உண்ணும் சாம்பாரில் ஒரு கைப்பிடி துவரம்பருப்பைப் போட்டுப் புளித்தண்ணீரால் பெருக்கி, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவலும், முடிவில் நீர்மோரும் பரிமாறுகிற வீட்டில் விரதம் நிறைவேறலாம், புரதம் நிறைவேறாது. பருப்பின் அளவைக் கூட்டுவதும், நாளுக்கு ஒரு வேளை சுண்டலோ முளைகட்டிய பயறோ சேர்ப்பதுமே அதற்குப் பரிகாரம்.

இரும்புச் சத்தின் விஷயம் இதைவிடச் சூட்சுமமானது. இறைச்சியிலுள்ள இரும்பில் ஒரு பகுதி இரத்தத்தின் செந்நிறப் பொருளோடு பிணைந்தபடியே குடலில் எளிதாக உட்கிரகிக்கப்படுகிறது. கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்போ அவ்வளவு எளிதில் உட்செல்வதில்லை. தானியங்களின் உமியடித் தவிட்டிலும் பருப்புகளிலும் உள்ள ஃபைட்டிக் அமிலமும், காப்பி தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள்களும் அதைப் பற்றிக்கொண்டு விடாமல் வெளியேற்றிவிடுகின்றன. இதற்கு மாற்றாக நிற்பது வைட்டமின் சி. அது இரும்பை எளிதில் கரையும் உருவுக்கு மாற்றி, குடலின் சுவர் வழியே செல்வதற்குத் தக்கதாக ஆக்குகிறது. ஒரே கீரையை உண்ட இருவரில், அதனுடன் எலுமிச்சையோ நெல்லியோ கொய்யாவோ சேர்த்தவர் பெறும் இரும்பு, உண்டு முடித்தவுடனே ஒரு டம்ளர் காப்பி அருந்தியவர் பெறுவதைவிடப் பன்மடங்கு அதிகமாக இருக்கலாம்.

ஏகாதசியன்று உபவாசமிருந்த வைணவ இல்லத்தில் மறுநாட் காலை துவாதசிப் பாரணைக்கு இடும் இலையைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். அன்று புளி கிடையாது. பாசிப்பருப்பும் தேங்காய்த் துருவலும் சேர்த்து வதக்கிய அகத்திக்கீரை ஒரு பக்கம். பச்சை நெல்லிக்காயை அரைத்துத் தயிரில் கலந்த பச்சடி ஒரு பக்கம். நெய்யில் வறுத்த சுண்டைக்காய் ஒரு பக்கம். அகத்தியில் இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. வைட்டமின் சி-யில் நெல்லிக்காய்க்கு நிகரான காய் நம் நாட்டில் வேறு அரிது. இரும்பும் அதை உட்செலுத்தும் துணையும் ஒரே இலையில் அருகருகே அமைந்திருக்கின்றன. இந்த ஆசாரத்தை ஏற்படுத்தியவர்கள் அஸ்கார்பிக் அமிலத்தை அறிந்திருந்தார்கள் என்று கூறுவது மிகை. அனுபவத்தில் உடலுக்கு இதமானது வழக்கமாகி, வழக்கம் ஆசாரமாகி நிலைத்தது என்று கொள்வதே பொருந்தும். பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை வரும் அந்த இலையை வாரத்தில் மூன்று நாள் வரச்செய்தால், விசேஷமாக நம் பெண்களின் இரத்தசோகைக்கு அது எத்தனையோ உதவி செய்யும்.

விரதத்தின் சில நியமங்களுக்கு விலையும் உண்டு. தானியங்களிலும் பருப்புகளிலுமுள்ள இரும்பும் துத்தநாகமும் வெங்காயம், பூண்டு ஆகியவற்றின் சேர்க்கையால் அதிகமாகக் கிடைக்கத்தக்க நிலை அடைகின்றன என்று மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் ஆய்வுகூடச் சோதனைகளால் கண்டிருக்கிறார்கள். சமயநெறி காரணமாக இவ்விரண்டையும் விலக்குபவர்கள் அந்த உதவியை இழக்கிறார்கள்; ஆதலால் பயறுகளை ஊறவைத்து முளைகட்டுவதிலும், மாவைப் புளிக்கவைப்பதிலும் அவர்கள் கூடுதலான சிரத்தை காட்டவேண்டும். முளைக்கும் விதையும் புளிக்கும் மாவும் ஃபைட்டிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதியைத் தாமே உண்டாக்குகின்றன. அவ்வாறே மடி ஆசாரத்தை உத்தேசித்துப் பச்சரிசியையே உண்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் பி1 வைட்டமின் அரிசியின் உள்ளே ஊடுருவித் தங்குகிறது, வெள்ளையாகத் தீட்டிய பச்சரிசியில் அது பெரும்பாலும் தவிட்டோடு போய்விடுகிறது. மக்காரிசனும் அவருக்குப்பின் அய்க்ராய்டும் தலைமை வகித்த குன்னூர் போஷணை ஆராய்ச்சிச் சாலை, பின்னாளில் ஹைதராபாத்துக்கு இடம் மாறுமுன், அரிசியைப் பற்றி ஆராய்ந்து நமக்குக் கற்பித்த பாடங்களுள் இது பிரதானமானது.

சுண்ணாம்புச் சத்துக்குத் தாவர உலகத்தில் பஞ்சமில்லை. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. தோல் நீக்காத எள்ளில் அதைவிடப் பன்மடங்கு உண்டு. பாலையும் தயிரையும் தாராளமாக உண்பவர்களுக்கு இதில் குறை நேராது. பாலையும் துறந்தவர்கள் மட்டும் கேழ்வரகுக் கூழ், எள்ளுருண்டை, முருங்கைக்கீரை ஆகியவற்றை எப்போதாவது உண்ணும் பண்டங்களாக விட்டுவிடாமல் நித்திய ஆகாரமாக்கிக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் பலகாலம் நடந்த ஓர் ஆய்வில் பாலையும் துறந்தவர்களிடையே எலும்பு முறிவு அதிகமாகக் காணப்பட்டது என்பதை அவர்கள் மறக்கலாகாது. அந்தச் சுண்ணாம்பு எலும்பில் சேர்வதற்கு வேண்டிய வைட்டமின் டி-யைச் சூரிய ஒளியே நம் தோலில் உண்டாக்கித் தருகிறது. அயோடின் நமக்கு உப்பின் வழியாகவே வருகிறது. விரத நாட்களில் இந்துப்பைப் பயன்படுத்துவதில் தோஷமில்லை, ஆனால் ஆண்டு முழுவதும் அயோடின் சேர்த்த உப்பை நீக்கிவிட்டு இந்துப்பையே கைக்கொள்வது தைராய்டு சுரப்பிக்குத் தீங்கு. மீன் உண்பவர்களுக்குக் கிடைக்கும் ஒமேகா-3 கொழுப்புக்கு ஈடாக, ஆளிவிதைப் பொடி ஒரு கரண்டி நாள்தோறும் சேர்ப்பது நலம்.

இதுவரை கூறிய குறைகளெல்லாம் அறிவோடு நடத்தும் சமையலறையால் தீரத்தக்கவை. எந்தக் கீரையாலும், எந்தத் தானியத்தாலும், எத்தனை நுட்பமான பாகத்தாலும் தீராத குறை ஒன்று உண்டு. அது வைட்டமின் பி12.

இதன் சரித்திரத்தில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. கொடிய இரத்தசோகை ஒன்றினால் மடிந்துகொண்டிருந்த நோயாளிகளுக்கு ஈரலை உண்ணக் கொடுத்துப் பிழைக்கவைக்கலாம் என்று அமெரிக்காவில் மைனட்டும் மர்ஃபியும் 1926-இல் அறிவித்தார்கள். அதன்பின் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர், அங்கே வறிய கர்ப்பிணிகளைப் பீடித்த அதையொத்த சோகை, ஈஸ்டின் சாரத்தாலேயே தீர்வதைக் கண்டார். அவர் கண்ட பொருளே பின்னர் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. ஈரலில் ஒளிந்திருந்த மற்றொரு பொருளைச் செந்நிறப் படிகமாக 1948-இல் பிரித்தெடுத்தார்கள். கோபால்ட் என்னும் உலோக அணுவை நடுவில் தாங்கி நிற்கும் அதன் சிக்கலான அமைப்பை டோரதி ஹாட்ஜ்கின் எக்ஸ்-கதிர்களால் ஆராய்ந்து 1956-இல் வெளிப்படுத்தினார். சோகை ஒன்றாகத் தோன்றினாலும் சத்து இரண்டு என்பது இவ்வாறு தெளிவாயிற்று: ஒன்று கீரையில் நிறைய உண்டு, மற்றொன்று கீரையில் அறவே இல்லை.

இல்லாமைக்குக் காரணம் இயற்கையின் ஒரு விசித்திர ஏற்பாடு. பி12-ஐ ஆக்கும் வல்லமை பாக்டீரியா முதலிய நுண்ணுயிர்களுக்கே உண்டு. தாவரங்களுக்கு அது தேவையுமில்லை, அவை அதைச் செய்வதுமில்லை. பசுவும் அதைச் செய்வதில்லை. பசுவின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள், புல்லோடு வந்த கோபால்ட்டைக் கொண்டு அதை ஆக்கித்தர, அதன் ஒரு பகுதி பாலில் இறங்குகிறது. மனிதனின் பெருங்குடலிலும் அத்தகைய நுண்ணுயிர்கள் உண்டு. ஆனால் பி12-ஐ உட்கிரகிக்கும் இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதியாதலால், அதற்குக் கீழே உண்டானது நமக்குப் பயன்படாமலே கழிந்துவிடுகிறது. ஆரோக்கியமான தென்னிந்தியர்களின் சிறுகுடலிலும் பி12 ஆக்கும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சியாளர்கள் 1980-இல் கண்டறிந்தார்கள். நம்மவர்களில் சிலர் புலாலும் மிகுந்த பாலும் இல்லாமலே நெடுங்காலம் நோயின்றி இருந்ததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். ஆயினும் அதை நம்பி வாழ்ந்துவிட முடியாது.

ஏன் முடியாது என்பதற்கும் அதே வேலூரிலிருந்தே, அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முந்திய சாட்சியம் இருக்கிறது. புலாலுணவு ஏறக்குறைய இல்லாத தாய்மார்களின் பாலையே பருகி வளர்ந்த குழந்தைகள் சிலரை அங்குள்ள மருத்துவர்கள் 1962-இல் விவரித்தார்கள். பிறந்து சில மாதங்கள் வரை அக்குழந்தைகள் நன்றாகவே வளர்ந்தன. பிறகு முகத்தில் சிரிப்பு மறைந்தது, தலை நிற்கக் கற்றது மறுபடி துவண்டது, புறங்கைகளிலும் பாதங்களிலும் கருமை படர்ந்தது, கைகால்கள் தாமே அசைந்து நடுங்கின, இரத்தம் வெளுத்தது. தாயின் இரத்தத்தில் பி12 குறைந்திருந்தது, ஆகவே அவள் பாலிலும் குறைந்திருந்தது. குழந்தைகளுக்கு அந்த வைட்டமினைக் கொடுத்தவுடன் அவை தேறத் தொடங்கின. ஒரு நாளைக்குச் சுமார் 2 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு, தாய்க்குக் கிடைத்திருந்தால் நேர்ந்திராத துன்பம் அது.

பெரியவர்களிடத்தில் இந்தக் குறை மிகவும் மெதுவாக வருகிறது. நம் ஈரல் சில மில்லிகிராம் பி12-ஐச் சேமித்து வைத்திருப்பதால், வரவு நின்றபின்னும் மூன்று நான்கு ஆண்டுகள் ஒன்றும் தெரியாமல் போகலாம். பாலைத் துறந்து இரண்டாண்டு ஆயிற்று, எனக்கு ஒரு குறையுமில்லை என்று ஒருவர் கூறுவது அந்தச் சேமிப்பின் செல்வாக்கேயன்றி வேறன்று. பின்பு பாதங்களில் மரமரப்பு, நடையில் தள்ளாட்டம், நாக்கில் எரிச்சல், மறதி, காரணமற்ற சோர்வு ஆகியவை ஒவ்வொன்றாக எட்டிப்பார்க்கும். தாவர உணவினருக்குக் கூடுதலான அபாயம் ஒன்றும் உண்டு: கீரைகளில் நிறைந்த ஃபோலிக் அமிலம், பி12 குறைவால் வரவேண்டிய சோகையை மறைத்துவிடும், இரத்தம் சரியாகத் தோன்றிக்கொண்டிருக்கும்போதே உள்ளே நரம்புகள் கெட்டுக்கொண்டிருக்கும். நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உண்பவர்களுக்கும், வயது முதிர்ந்து இரைப்பை அமிலம் குறைந்தவர்களுக்கும் உட்கிரகிக்கும் சக்தி குறைவதால், அவர்கள் புலால் உண்பவர்களாயினும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். புலால் உண்ணாதவர்களாயின் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை.

பழைய சோற்றிலும் இட்லி மாவிலும் பி12 பெருகுகிறது என்று சிலர் நம்பி ஆறுதலடைகிறார்கள். புளிப்பை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் வேறு நன்மைகள் பல செய்கின்றன; பி12 தேவையை நிறைவேற்ற அவற்றை நம்பமுடியாது. ஸ்பைருலினா என்னும் சுருள்பாசியில் இருப்பது பெரும்பாலும் உருவில் ஒத்து, உடலில் வேலை செய்யாத போலிப் பொருள். நம்பத்தக்க முக்கிய வழிகள் இரண்டு. ஒன்று பால்: நூறு மில்லிலிட்டரில் சுமார் 0.4 மைக்ரோகிராம் இருப்பதால், நாள்தோறும் அரை லிட்டர் அளவுக்குப் பாலும் தயிருமாக உண்பவர் ஏறக்குறையத் தேவையை எட்டுகிறார். பாலைச் சுண்டக் காய்ச்சினால் அதிலும் ஒரு பகுதி அழியும். இரண்டு வேளைக் காப்பியில் கலக்கும் பால் ஒருநாளும் போதாது. மற்றொன்று மாத்திரை. பாலைத் துறந்தோருக்கு அதுவே எளிய வழி.

மாத்திரையின் அளவில் ஒரு விநோதமுண்டு. நாள்தோறும் உண்பதானால் 10 மைக்ரோகிராம் போதுமென்றும், வாரம் ஒருமுறையானால் 2000 மைக்ரோகிராம் வேண்டுமென்றும், பாலையும் துறந்தோரின் பழமையான அமைப்பாகிய இங்கிலாந்தின் வீகன் சங்கம் ஆலோசனை கூறுகிறது. ஏழு மடங்கு அல்லாமல் இருநூறு மடங்கு ஏன்? இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் பி12-ஐத் தாங்கிச் சென்று சிறுகுடலில் ஒப்படைக்கிறது; அது ஒரு வேளைக்கு இரண்டு மைக்ரோகிராமுக்குமேல் சுமக்க வல்லதன்று. எஞ்சியதில் நூற்றில் ஒரு பங்கே தானாகக் கசிந்து உட்செல்கிறது. ஆகவே அரிதாக உண்பவர் மிகுதியாக உண்ணவேண்டும். குறை ஏற்கெனவே உண்டாகிவிட்டவர்களுக்கு இந்த அளவு போதாது. இரத்தப் பரிசோதனையும் மருத்துவரின் சிகிச்சையும் அவர்களுக்கு அவசியம்.

மாத்திரை உண்பது விரதத்துக்குப் பங்கமாகாதா என்று பக்தியுள்ளவர்கள் தயங்குவதை நான் இலேசாகக் கருதவில்லை. அவர்களுக்கு உரிய சமாதானம் இது: இன்று விற்பனையாகும் பி12, ஈரலிலிருந்து எடுக்கப்படுவதன்று, பெரிய தொட்டிகளில் பாக்டீரியாக்களை வளர்த்துப் புளிக்கவைத்து எடுக்கப்படுவது. பசுவின் வயிற்றில் இயற்கை செய்வதைத் தொழிற்சாலை வெளியே செய்கிறது, அவ்வளவே. ஜெலட்டின் உறையிட்ட மருந்துகளில் மட்டும் அந்த உறை விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் ஆவதால், அவற்றைத் தவிர்த்துச் சாதாரண மாத்திரையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

எல்லா உயிர்களிடத்தும் இரக்கம் கொள்ளவேண்டும் என்னும் தர்மம், அதை அனுஷ்டிப்பவனின் சரீரத்தை மட்டும் விலக்கி வைத்ததாக நான் அறியேன். பசித்தவனுக்கு அன்னமிடுவதே ஜீவகாருண்யத்தின் முதற்படி என்றால், கருவிலிருக்கும் சிசுவின் நரம்புக்கு வேண்டிய அணுவளவு சத்தை அதன் தாய்க்குக் கொடுப்பதும் அன்னமிடுதலேயாகும். ஆகவே புலாலை விலக்கிய ஒவ்வொரு குடும்பத்திலும், பருப்பைக் கூட்டுவது, கீரையோடு நெல்லியைச் சேர்ப்பது, காப்பியை உணவிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளிவைப்பது ஆகிய பழக்கங்களோடு, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் முதியோருக்கும் பி12 அளவைப் பரிசோதித்து, குறைந்திருந்தால் தயங்காமல் கொடுப்பதும் ஒரு நியமமாக ஏற்படவேண்டும். விரதத்தை நம் முன்னோர் தந்தார்கள். அதை ஆரோக்கியத்தோடு நிறைவேற்றும் அறிவு நம் காலத்தில் கிடைத்திருக்கிறது. இரண்டையும் ஒருசேரப் பின்வரும் தலைமுறைக்குக் கொடுத்துச் செல்வது நம் கடமை.